பாதி ஈரலும் என் கிணற்றுத் தண்ணீரும்

தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் பதினோரு ஏக்கர் திராட்சைத் தோட்டம் போட்டவன் நான். நான் வாங்கும்போது அது தோட்டம் இல்லை, பாறையும் கள்ளியும்தான். ஆயிரக்கணக்கில் கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டேன். ஊரில் பாறை துளைக்கிற முதல் கம்ப்ரசர் டிராக்டர் என்னுடையது. இரண்டு லாரி வாங்கினேன். தேனி ரோட்டில் மாடி வைத்து வீடு கட்டினேன். மகன் சுருளியை பி.காம். வரை படிக்க வைத்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன். பன்னிரண்டு வயதில் கிணறு வெட்டும் இடத்தில் கல் சுமக்கப் போனவன், இருபத்தைந்து வயதில் கிணறு வெட்டும் குத்தகைக்காரன் ஆனேன். அடுத்தவர்களுக்கு வெட்டிக் கொடுத்தது நூற்றுக்கு மேல் இருக்கும். எனக்கென்று வெட்டியது ஐந்து.

அந்த ஐந்தில் பெரிய கிணற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொண்ணூறு அடி. அறுபதாவது அடியில் ஒரே பாறை. தண்ணீர் பார்க்க வந்தவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பங்காளிகள் சிரித்தார்கள். கம்ப்ரசர் வராத காலம் அது; கையால் பாறையில் தமர்த் துளை அடித்து, வெடி வைத்து, இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். தொண்ணூறாவது அடியில் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. முதல் வாய் நான்தான் குடித்தேன். இளநீர் தோற்றது. அன்றிலிருந்து நான் வேறு தண்ணீர் குடித்தது குறைவு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் டிராக்டரில் ஒரு குடம் கூடவே வரும்.

இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், என்னைக் கொல்லப் பார்த்ததும் அந்தத் தண்ணீர்தான். என் ஈரலை வெட்டிய கதையைக் கேட்டு நாலு பேர் பிழைக்கட்டும் என்று எழுதுகிறேன். பயப்படாமல் படியுங்கள், நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதிலிருந்தே முடிவு உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அப்போது அறுபத்தொரு வயது. வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். இரண்டு இட்லி தின்றாலே வயிறு நிறைந்துவிடும். வேட்டியை இறுக்கிக் கட்ட முடியவில்லை. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீரும் சோடாவுமாகக் குடித்தேன். என் மனைவி பேச்சியம்மாளின் தம்பி மாயிதான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன். அவன் வாய் சும்மா இருக்காது.

“என்ன மச்சான், எத்தனாவது மாசம்? வளைகாப்புக்குச் சொல்லி விடுங்க, வளையல் வாங்கிட்டு வாரேன்.”

“ஏலே, ஒங்கக்காகிட்ட சொல்லிச் சோத்த நிப்பாட்டிப்புடுவேன்.”

சிரித்தோம். ஆனால் அடுத்த வாரம் டிராக்டரில் ஏறும்போது விலாவுக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தது. நான் வேண்டாம் என்றதைச் சுருளி கேட்கவே இல்லை. தேனிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போய்விட்டான். வயிற்றில் பசை மாதிரி ஒன்றைச் சில்லென்று தடவி, “மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க” என்றார்கள். பிறகு என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சுருளியிடம் பேசினார்கள்.

நான் கதவைத் திறந்து உள்ளே போனேன். “படம் என் வயித்துப் படம். பேச்சு மட்டும் எம் மகனோடயா?” என்றேன். அந்த டாக்டர் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஐயா, ஈரல்ல ஒரு பெரிய கட்டி தெரியுது. என்ன கட்டின்னு மதுரையில பாத்துச் சொல்லுவாக” என்றார்.

மதுரைக்குப் போகிற பஸ்ஸில் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது பேச்சியம்மாள் என் கையைப் பிடித்தாள். நாற்பது வருடத்தில் பஸ்ஸில், நாலு பேர் பார்க்க, அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு வயிற்றுக் கட்டியைவிட அதுதான் பயமாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி. வெளியே காத்திருக்கும் கூடத்தில் கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம். எல்லார் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் அவரவர் படம். சி.டி. ஸ்கேன் என்று பேக்கரி அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுவது போல என்னைத் தள்ளினார்கள். கையில் ஒரு மருந்து ஏற்றினார்கள், உடம்பெல்லாம் வெந்நீர் ஓடியது போல இருந்தது. மறுநாள் அறுவை டாக்டர் கூப்பிட்டார். சுருளியைவிட இரண்டு வயதுதான் கூடுதலாக இருக்கும். படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்.

“ஐயா, இது புத்து இல்ல. ரத்தக் குழாயெல்லாம் பந்தாச் சுருண்டு வளர்ந்த கட்டி. ஆனா தேங்காய் அளவு இருக்கு. நீங்க கெணத்துல இறங்குற ஆளு, டிராக்டர் ஓட்டுற ஆளு. எங்கயாவது இடிச்சு வெடிச்சா உள்ளயே ரத்தம் கொட்டிரும். எடுத்துடறது நல்லது.”

‘புற்று இல்லை’ என்பதற்குப் பிறகு பேச்சியம்மாள் எதையும் கேட்கவில்லை. எழுந்து வெளியே போனாள். தேடிப் போய்ப் பார்த்தால் கேன்டீனில் உட்கார்ந்து உளுந்தவடை தின்றுகொண்டிருந்தாள். இரண்டு நாளாக அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. “மூணாவது” என்றாள் என்னைப் பார்த்து, வாய் நிறைய வடையோடு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் டாக்டரிடம் விவரமாகக் கேட்டேன். வலது பக்க ஈரலையே கட்டியோடு எடுக்க வேண்டும், மொத்தத்தில் பாதிக்கு மேல் போய்விடும் என்றார்.

“மிச்சத்த வச்சு நான் எப்படிப் பொழைக்கிறது?”

“வளந்துரும்யா. ஈரலுக்கு அந்த வரம் இருக்கு.”

“அப்ப திராட்சைக் கொடி மாதிரின்னு சொல்லுங்க. கிளைய வெட்டிக் கவாத்துப் பண்ணுனா முன்னவிட நல்லாத் துளுக்கும்.”

“அதே மாதிரிதான். ஆனா துளுக்கிற வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்” என்று சொல்லி, ஏன் என்று விளக்கினார். எனக்குப் புரிந்தபடி அதை எழுதுகிறேன்.

நம் குடலுக்குள் எப்போதும் கிருமிகள் குடியிருக்கின்றன. அதில் கொஞ்சம் ரத்தத்துக்குள் நுழைந்துவிடும். ஆனால் குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இருதயத்துக்குப் போவதில்லை. முதலில் ஈரலுக்குப் போகிறது. அங்கே ரத்தக் குழாய்களின் ஓரத்தில் குப்ஃபர் செல் என்று காவல்காரர்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். வருகிற கிருமியைப் பிடித்து விழுங்குவதுதான் அவர்கள் வேலை. ஈரலில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டால் காவல்காரர்களிலும் பாதிக்கு மேல் போய்விடுவார்கள். வருகிற ரத்தமோ குறைவதில்லை. முழு ரத்தமும் மிச்சமிருக்கிற கொஞ்சப் பேர் மேல் பாயும். சில கிருமிகள் கண்ணில் படாமல் தப்பி உடம்பெல்லாம் போய்விடும். ஈரல் சில வாரத்தில் உருவத்துக்கு வளர்ந்துவிடும். காவல் பழைய சுறுசுறுப்புக்கு வர இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

நான் கையைத் தூக்கினேன். “டாக்டர், எங்க சொட்டுநீர் மோட்டாருக்குப் பக்கத்துல மணல் போட்ட வடிகட்டித் தொட்டி ஒண்ணு இருக்கும். பாதி மணல வெளிய அள்ளிப்போட்டு மோட்டார அதே வேகத்துல ஓட்டுனா, அழுக்கு குழாய்க்குள்ள போயி சொட்டு விழுற வாயெல்லாம் அடைச்சுக்கிரும். நீங்க சொல்றது அதுதான?”

டாக்டர் என்னையே பார்த்தார். “படிக்கிற பிள்ளைகளுக்கு நான் இத அரை மணி நேரம் சொல்லுவேன்யா. நீங்க ஒரே வாயில சொல்லிட்டீக” என்றார். அந்த அறையில் சுருளி, பேச்சியம்மாள், ஒரு நர்ஸ், மூன்று பேரும் சாட்சி.

கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும், வேக வைத்ததைத்தான் சாப்பிட வேண்டும், பச்சைப் பழம் கூடாது, பார்க்க வருகிறவர் கூட்டம் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அறுவை ஆறு மணி நேரம் நடந்ததாம். எனக்குத் தெரிந்தது, ஒருவர் “நூறிலிருந்து பின்னால எண்ணுங்க” என்றதும், தொண்ணூற்றெட்டு வரை நான் தப்பில்லாமல் எண்ணியதும்தான். கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், கையில் இரண்டு. பக்கத்தில் ஜெஸி சிஸ்டர் நின்றாள். குமுளிப் பக்கத்துப் பெண். தமிழும் மலையாளமுமாகப் பேசுவாள், என்னை அப்பச்சன் என்பாள்.

“அப்பச்சா, அனங்காம கெடக்கணும், கேட்டோ?”

“ஆத்தா, அசையுறதுக்கு இங்கன எங்க எடம் இருக்கு? எல்லாப் பக்கமும் குழாய் போட்டுக் கட்டி வச்சிருக்கீக.”

நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொடுத்தார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் உள்ளே மூன்று பந்து மேலே ஏற வேண்டும். வார்டில் முப்பது வயதுப் பையன்களுக்கு ஒரு பந்து ஏறவே கண் பிதுங்கியது. நான் மூன்றாம் நாளே மூன்றையும் ஏற்றி, ஜெஸி பத்து எண்ணும் வரை நிறுத்தி வைத்தேன். தொண்ணூறடிக் கிணற்றில் ஏறி இறங்கிய நெஞ்சு. பக்கத்து அறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சுருளி ஒருநாள் விட்டு ஒருநாள் எனக்குச் சவரம் செய்துவிட்டான். அவன் ரேசரைப் பிடித்த பிடியில் ஆட்டுக்கு மயிர் கத்திரிக்கிறவன் தோற்றுப் போவான். மீசையில் ஒரு பக்கம் குறைந்துவிட்டது. ஆனாலும் தாடையைத் தூக்கிப் பிடித்த அவன் விரல் மெதுவாக இருந்தது. அந்த விரல் என் முகத்தைத் தொட்டு இருபது வருடம் ஆகியிருக்கும்.

நான்காம் நாள் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்தார்கள். தண்ணீரை வாயில் வைத்தேன். கொதிக்க வைத்து ஆற வைத்த ஆஸ்பத்திரித் தண்ணீர். அலுமினியத்தை நக்கினது போல இருந்தது. அன்றைக்கு மாயி பார்க்க வந்திருந்தான். அவனிடம் மெதுவாகச் சொன்னேன்.

“மாப்ள, பெரிய கெணத்துத் தண்ணி ஒரு கேன் பஸ்ஸுல ஏத்தி விடு. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நம்ம லாரி டிரைவர் எறக்கி வாங்கிக்கிருவான்.”

“இம்புட்டுத்தானா? நாளைக்கு மத்தியானம் வந்துரும்.”

சொன்னபடி வந்தது. பேச்சியம்மாள் கேனைத் தூக்கிக்கொண்டு வராந்தா முனையிலிருந்த மின் அடுப்புப் பக்கம் போனாள்.

“எங்க போற?”

“காய்ச்சிக் கொண்டாரேன். காய்ச்சித்தான் குடிக்கணும்னு சொன்னாகல்ல.”

“வெளித் தண்ணியத்தான் காய்ச்சச் சொன்னாக. இது எங் கெணறுடி. நான் பாறையப் பொளந்து எடுத்த தண்ணிய அடுப்புல வச்சுக் கொதிக்க வைப்பியா? அது என்ன பாவம் பண்ணுச்சு?”

அவள் நின்றாள். நாற்பது வருடமாக என் பேச்சைக் கேட்டே பழகியவள், அன்றைக்கும் கேட்டாள். கேனைக் கட்டிலுக்கு அடியில் துணிப் பைக்குப் பின்னால் வைத்தோம். ஜெஸி இல்லாத நேரம் பார்த்து ஒவ்வொரு டம்ளராகக் குடித்தேன். உயிர் திரும்பியது போல இருந்தது. மணல் வடிகட்டிக் கதையை டாக்டருக்கே சொன்னவன் நான். ஆனால் என் கிணற்றுத் தண்ணீரும் வடிகட்டிக்குள் வருகிற தண்ணீர்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கிணறு வேறு, ஊர்க் கிணறு வேறு என்றே ஆயுசு முழுக்க நினைத்திருந்தேன்.

மூன்று நாள் அப்படிப் போனது. எட்டாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும், முதுகில் ஒரு நடுக்கம் கிளம்பியது. பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. கட்டிலே ஆடியது. மூன்று கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை. ஜெஸி ஓடி வந்து கையைத் தொட்டவள், முகம் மாறி டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. இரண்டு கையிலும் மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள்.

தையலைப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. நெஞ்சுப் படம் எடுத்தார்கள், சளி இல்லை. சிறுநீரில் ஒன்றுமில்லை. ஸ்கேனில் வயிற்றுக்குள் கொஞ்சம் நீர் தெரிந்தது. அது வழக்கமானதா, பித்தம் கசிகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரத்தத்தை எடுத்து இரண்டு புட்டியில் விட்டார்கள். அதை வெதுவெதுப்பில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்களாம். தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை நான் தாங்க வேண்டும்.

டாக்டர் என் தலைமாட்டில் நின்று கேட்டார். “வெளியில இருந்து ஏதாவது சாப்பிட்டீங்களாய்யா?”

“இல்ல” என்றேன்.

பேச்சியம்மாள் தரையைப் பார்த்தாள்.

மத்தியானம் காய்ச்சல் இன்னும் ஏறியது. டாக்டர் சுருளியிடம் பேசினார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. என் முன்னாலேயே பேசினார்.

“எங்க இருந்து காய்ச்சல் வருதுன்னு புரியல. உள்ள பித்தம் கசிஞ்சா அத விட்டு வைக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள இறங்கலைன்னா மறுபடி வயித்தத் தெறந்து பாக்கணும். ஆனா இந்த ஈரல வச்சுக்கிட்டு இன்னொரு ஆபரேஷன் தாங்குறது…” ஜெஸி ஒரு தாளைக் கொண்டு வந்து சுருளியிடம் கொடுத்தாள். மறு அறுவைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

சுருளி பேனாவைத் திறந்தான். லாரி வாங்கும்போதும் தோட்டம் பதியும்போதும் சர்சர்ரென்று கையெழுத்துப் போடுகிற பையனுக்கு, முதல் எழுத்திலேயே பேனா நின்றது. பேச்சியம்மாள் குனிந்து என் காதில் சொன்னாள்.

“ஏங்க, சொல்லிருங்க. நான் சொன்னா ஒங்களுக்குக் கௌரவக் குறைச்சல். நீங்களே சொல்லிருங்க.”

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்திலும் எனக்குச் சாவைவிட, என் கிணற்றுத் தண்ணீரை ஒருவர் குறை சொல்வதுதான் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் சுருளியின் கையைப் பார்த்தேன். பேனா இன்னும் அதே எழுத்தில் நின்றது. என் மீசையைக் குறைத்த கை.

“டாக்டர், நில்லுங்க” என்றேன். பல் அடித்ததில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. “கட்டிலுக்கு அடியில ஒரு கேன் இருக்கு.”

டாக்டர் குனிந்து இழுத்தார். மூடியைத் திறந்து பார்த்தார். “என்னய்யா இது?”

“தண்ணி. எங் கெணத்துத் தண்ணி.”

“காய்ச்சினதா?”

“இல்ல.”

“எத்தனை நாளா?”

“மூணு நாளா.”

“மூடி போட்ட கெணறா?”

“தொண்ணூறடிக் கெணத்துக்கு யாரு மூடி போடுவா?”

“உள்ள ஏதாவது இருக்குமா? பறவை, கிறவை?”

“புறா இருக்கு. சுவத்துப் பொந்துல அம்பது அறுபது ஜோடி. சாயங்காலம் பாத்தா அழகா இருக்கும்.”

முதலில் ஜெஸிதான் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு “எண்டெ மாதாவே” என்றாள். பிறகு டாக்டரும் சிரித்துவிட்டார். காய்ச்சலோடு நான் சண்டைக்குப் போனேன்.

“முப்பது வருசமா அதத்தான குடிக்கிறேன்? ஒரு நாள் தலைவலி வந்தது கிடையாது.”

“முப்பது வருசமா ஒங்களுக்கு முழு ஈரல் இருந்துச்சுய்யா. புறா போட்டதையெல்லாம் உள்ள இருந்த காவல்காரங்க முழுங்கிக்கிட்டே இருந்தாக. இப்பத்தான் அவுகள்ல பாதிப் பேர நான் வெட்டி எடுத்துட்டேனே. மணல் வடிகட்டின்னு எனக்கே பாடம் சொன்னது நீங்கதான?”

வாழ்க்கையில் நான் பதில் சொல்லாமல் விட்டது அந்த ஒரு கேள்விதான்.

டாக்டர் சுருளியின் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டார். “காலை வரைக்கும் பொறுப்போம். காரணம் கெடைச்சிருச்சுன்னு நினைக்கிறேன்” என்றார். குடல் கிருமிக்கு என்று வேறு மருந்தை அந்த மணி நேரத்திலேயே மாற்றினார். கேனிலிருந்து ஒரு புட்டித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார். மறுநாள் காலை பத்து மணிக்குக் காய்ச்சல் இறங்கி என் நெற்றி வேர்த்தது. பேச்சியம்மாள் முந்தானையால் துடைத்துவிட்டு, துடைத்த முந்தானையைச் சுருளியிடம் நீட்டி, “பாரு, வேர்வை, வேர்வை” என்று காட்டினாள், மல்லிகைப் பூவைக் காட்டுவது போல. அதற்கு அடுத்த நாள் ரத்தப் புட்டியில் கிருமி வளர்ந்தது. கேன் தண்ணீரிலும் அதே இனம். கொடுத்துக்கொண்டிருந்த மருந்து அதற்குச் சரியான மருந்து. இரண்டாவது அறுவை நடக்கவே இல்லை.

மாயிக்குச் செய்தி போனது. சுருளி செல்போன் வாங்கிய புதிது. என் காதில் வைத்துக் கொடுத்தான்.

“மச்சான், நான் கொலைகாரனா ஆகத் தெரிஞ்சேனே!”

“ஆகல மாப்ள. ஒனக்கு அந்தத் தெறமையும் இல்ல.”

“புறாவையெல்லாம் வெரட்டிரவா?”

“தொட்டேன்னா தெரியும். அதுக என்ன பண்ணுச்சு? ஒங்கக்காகிட்ட பெரிய அண்டா ஒண்ணு வாங்கிக் கொடு. காய்ச்சிக்கிரட்டும்.”

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது ஈரல் கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வளர்ந்திருந்தது. இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக நன்றாகப் படர்ந்திருந்தது. எங்கள் பக்கத்தில் இப்போது யாருக்கு ஈரல் அறுவை என்றாலும், யாருக்கு நோய் எதிர்ப்பு குறைந்தது என்றாலும், முதலில் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். மூன்று விஷயம் சொல்லி அனுப்புகிறேன்: காய்ச்சாத தண்ணீர் வேண்டாம், எந்தக் கிணறாக இருந்தாலும் சரி. நடுக்கம் வந்தால் மணிக்கணக்கில் போர்த்திக்கொண்டு கிடக்காதே, உடனே சொல். மூன்றாவது, டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வருடாந்திரச் சோதனைக்குப் போயிருந்தேன். டாக்டர் முகம் மலர்ந்து, “ஐயா, ஒங்க கேஸப் பத்தி ஒரு பெரிய டாக்டர்கள் கூட்டத்துல பேசினேன். நல்ல கைதட்டல்” என்றார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரையில் என் கேன் படம் இருந்தது. பக்கத்தில் ஏதோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சுருளியைப் படிக்கச் சொன்னேன். ‘காய்ச்சலின் காரணம் சிகிச்சைக் குழுவினரால் கண்டறியப்பட்டது. நோயாளி: ஒரு விவசாயி’ என்று படித்தான்.

டாக்டர் என் உயிரைக் காத்தவர். அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். வெட்டியது அவர், தைத்தது அவர், மருந்து அவருடையது. ஆனால் நெஞ்சுப் படத்திலும் ஸ்கேனிலும் அவருக்குக் கிடைக்காத காரணத்தை, நூற்றுநாலு டிகிரிக் காய்ச்சலில், மகன் கையில் பேனா திறந்திருக்கும்போது, என் கிணற்றை நானே காட்டிக்கொடுத்து எடுத்துக் கொடுத்தவன் நான். ஐந்து கிணறு வெட்டினதைவிட அது எனக்குக் கஷ்டமான வேலை. அதனால் டாக்டரைக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த கூட்டத்தில் அந்த வரியை மாற்றிப் போடுங்கள். ‘காரணத்தைக் கண்டுபிடித்தவர் சீனிச்சாமி, தேவாரம்’ என்று இருக்க வேண்டும். எழுத்து கேன் படத்தைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது.